கல்லின் மேல் ஒரு சொட்டு அமிலம்: எது பொங்கும், எது பொங்காது, ஏன்?

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் வழியில் மதுக்கரையில் ஒரு சிமெண்ட் ஆலையும், மாநில எல்லையைத் தாண்டியதும் வாளையாரில் இன்னொரு சிமெண்ட் ஆலையும் இருக்கின்றன. மதுக்கரை ஆலை 1930-களில் வந்தது. வாளையாரில் உள்ள மலபார் சிமெண்ட்ஸ் கேரள அரசுக்குச் சொந்தமானது, 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. இவ்விரண்டும் இங்கே அமைந்ததற்கு முதற்காரணம், பெரும்பாலும் நைஸ் என்னும் வரிப்பாறையும் கருங்கல்லுமாகக் கிடக்கும் இந்தக் கணவாய்ப் பகுதியின் நடுவே சுண்ணாம்புக்கல் பட்டை பட்டையாக ஓடுவதுதான்.

இந்தச் சுண்ணாம்புக்கல்லைக் கண்ணால் மட்டும் பார்த்து அடையாளம் காண்பது எளிதன்று. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, பளிங்கைப்போல மணிமணியாகப் படிகமாகிப்போன கல் இது. இதே நிலத்தில் வெள்ளையாகக் கிடக்கும் வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ், வேறு ஒரு கனிமம். நைஸ் பாறையின் வெள்ளை வரிகளில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் இன்னொன்று. மூன்றும் புதிதாக உடைத்த முகத்தில் வெள்ளையாகப் பளபளக்கும். இவற்றைப் பிரித்தறிய நிலவியலாளர்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் சிறு புட்டியில் இருப்பது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் சீறிக்கொண்டு நுரைக்கும். மற்ற இரண்டும் நனைவதோடு சரி.

பள்ளிப் பாடத்தில் இந்தச் சோதனையை ‘நுரைத்தால் கார்பனேட் (கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த பகுதியைக் கொண்ட சேர்மம்), நுரைக்காவிட்டால் இல்லை’ என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது போதாது என்பது என் கருத்து. எவ்வளவு வேகமாக நுரைக்கிறது, கல்லின் எந்தப் பகுதியில் நுரைக்கிறது, முழுக்கல்லில் நுரைக்கிறதா அல்லது பொடித்த பிறகுதானா என்பவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஒரு சொட்டு நமக்கு உண்மையில் பயன்படும்.

சொட்டு விழுந்ததும் நடப்பது என்ன?

பாறை வேறு, கனிமம் வேறு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கனிமம் என்பது குறிப்பிட்ட வேதியியல் அமைப்பும் படிக ஒழுங்கும் கொண்ட ஒரே பொருள். பாறை என்பது ஒரு கனிமத்தாலோ பல கனிமங்களாலோ ஆன திரள். அமிலம் வினைபுரிவது பாறையில் உள்ள கனிமங்களோடுதான். ஆகவே ஒரே கல்லின் ஒரு பக்கம் பொங்கி, இன்னொரு பக்கம் சும்மா இருப்பதில் வியப்பொன்றும் இல்லை.

சுண்ணாம்புக்கல்லின் முதன்மைக் கனிமம் கால்சைட். இது கால்சியம் கார்பனேட்டால் ஆனது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் இதன் மேல் பட்டவுடன் அமிலத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனிகள் கார்பனேட்டோடு சேர்கின்றன. முதலில் கார்பானிக் அமிலம் உண்டாகிறது. அது நிலைத்து நிற்க முடியாமல் உடனே தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. கால்சியம், குளோரைடோடு சேர்ந்து கரைசலில் போய்விடுகிறது. நாம் நுரையாகக் காண்பதும் சீறலாகக் கேட்பதும் அந்தக் கரியமில வாயு வெளியேறுவதைத்தான்.

அளவைச் சொன்னால் இது எவ்வளவு பெரிய வெளியேற்றம் என்பது புரியும். தூய கால்சியம் கார்பனேட் 100 கிராம் முழுவதும் வினைபுரிந்தால் 44 கிராம் கரியமில வாயு வெளிவரும். சாதாரண அறை வெப்பநிலையில் அது ஏறத்தாழ 24 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு கிராம் கல்லுக்குள் ஏறக்குறைய கால் லிட்டர் வாயு கட்டுண்டு கிடக்கிறது என்று பொருள். வெங்கச்சங்கல்லில் அப்படிக் கட்டுண்ட வாயு எதுவும் இல்லை. அது சிலிக்கனும் ஆக்சிஜனும் நாற்புறமும் இறுகப் பிணைந்த கனிமம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அந்தப் பிணைப்பை அவிழ்க்க முடியாது. குவார்ட்ஸைக் கரைக்கும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் என்று ஒன்று உண்டு; அது மனித உடலுக்கு மிகக் கொடியது, தக்க பயிற்சி பெற்றவர்களும் அஞ்சிக் கையாளுவது, ஆகவே அதைப்பற்றி இங்கே மேலும் பேச வேண்டியதில்லை.

எத்தனையோ அமிலங்கள் இருக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையே ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வி எழலாம். பேட்டரியில் ஊற்றும் கந்தக அமிலமும் வலிமையானதுதான்; சுண்ணாம்புக்கல்லின் மேல் விட்டால் அதுவும் முதலில் பொங்கும். ஆனால் அந்த வினையில் உண்டாகும் கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம், தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். அது கல்லின் மேல் மெல்லிய தோலாகப் படிந்து, அமிலம் உள்ளே போகாமல் தடுத்துவிடும். பொங்கல் சற்று நேரத்தில் அடங்கிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் உண்டாகும் கால்சியம் குளோரைடோ தாராளமாகக் கரைந்து விலகுவதால், கல்லின் புதுமுகம் தொடர்ந்து அமிலத்துக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும். வினையின் வேகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இந்தக் குணம் இன்றியமையாதது.

சுட்ட சுண்ணாம்பு ஏன் பொங்குவதில்லை?

காளவாயில் சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டு எடுத்த சுண்ணாம்பை எல்லோரும் அறிவோம். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து ஆவி பறக்கும். அவ்வளவு காரமான பொருள், அமிலம் பட்டால் சுண்ணாம்புக்கல்லைவிடக் கடுமையாகப் பொங்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடப்பது வேறு: அது சூடாகும், கரைந்துபோகும், ஆனால் நுரைக்காது.

இந்தப் புதிரை அவிழ்த்தவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜோசப் பிளாக். 1756-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அதன் எடை குறைகிறது என்பதையும், குறைந்த எடை ஒரு வாயுவாக வெளியேறியது என்பதையும், அமிலத்தில் கரைக்கும்போது நுரையாக வருவதும் அதே வாயுதான் என்பதையும் தராசைக் கொண்டு எடைபோட்டு நிறுவினார். பொங்குவதற்கு உரிய வாயு காளவாயிலேயே போய்விட்டதால் சுட்ட சுண்ணாம்பு அமிலத்தில் பொங்குவதில்லை. பொங்குதல் என்பது பொருளின் காரத்தைக் காட்டுகிறது என்ற பழைய எண்ணம் அத்தோடு வலுவிழந்தது. திடப்பொருளுக்குள் ஒரு வாயு தங்கியிருக்க முடியும் என்பதே அந்தக் காலத்துக்குப் புதிய செய்தி.

100 கிராம் தூய சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முழுமையாகச் சுட்டால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். மீதி 44 கிராம் புகைபோக்கி வழியே போய்விடும். அமிலத்தில் கரைத்தாலும் அதே 44 கிராம்தான் என்பதை மேலே பார்த்தோம். இரண்டு வழியிலும் ஒரே கணக்கு வருகிறது.

இதற்கு ஒரு பின்தொடர்ச்சியும் உண்டு. சுட்ட சுண்ணாம்பை நீற்றி மணலோடு கலந்து சுவரில் பூசினால், அது காற்றில் உள்ள கரியமில வாயுவை ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்வாங்கி மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. சுண்ணாம்புக் காரைச் சுவர் நாளாக நாளாக இறுகுவது இதனால்தான். எனவே புதிதாக நீற்றிய சுண்ணாம்பில் விட்ட அமிலச் சொட்டு அடங்கியிருக்க, பழைய வீடொன்றின் உதிர்ந்த காரையில் விட்ட சொட்டு நன்றாக நுரைப்பதைக் காணலாம்.

சோதனையைச் செய்யும் முறை

களத்தில் பொதுவாகப் பயன்படுவது பத்து விழுக்காடு அளவுக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். செறிந்த அமிலத்தை வாங்கி வீட்டில் நீர்க்க வைக்கும் வேலையைத் தொடக்கநிலையினர் செய்ய வேண்டாம். பள்ளி, கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் நீர்த்த அமிலத்தைப் பெற்றுக்கொள்வதே சரி. அங்கும் அமிலத்தைத் தண்ணீரில் சிறிது சிறிதாக விட வேண்டுமே தவிர, தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. 2013-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பிறகு அமிலச் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் உள்ளன என்பதையும், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அணிந்து, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரையும் கொஞ்சம் சமையல் சோடாவையும் வைத்துக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோருக்கு வினிகர் போதும். அதில் நான்கைந்து விழுக்காடு அசிட்டிக் அமிலம் இருக்கிறது; வலிமை குறைந்த அமிலம் என்பதால், கல்லைப் பொடித்து அதன் மேல் விட்டுச் சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும். எலுமிச்சைச் சாறும் இப்படியே. முட்டை ஓடும் கிளிஞ்சலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. கல்லைத் தேடிப் போவதற்கு முன் அவற்றில் விட்டுப் பார்த்தால், மெய்யான நுரை எப்படி இருக்கும் என்று கண் பழகிவிடும்.

எந்தக் கல்லானாலும் புதிதாக உடைத்த முகத்தில்தான் சோதிக்க வேண்டும். வெயிலும் மழையும் பட்ட வெளித்தோல் பெரும்பாலும் ஏமாற்றும்: சுண்ணாம்புச் சத்து மிகுந்த நிலத்தில் கிடக்கும் வெங்கச்சங்கல்லின் மேலும் மெல்லிய சுண்ணப் படலம் படிந்திருக்கும், அது பொங்கிப் பொய்ச்சான்று சொல்லும். உடைந்த கான்கிரீட் துண்டும் ஆற்றுக் கல்போல உருண்டு கிடந்து நுரைக்கும். ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பின், கத்தி முனையால் அதே இடத்தைச் சுரண்டிப் பொடியாக்கி இன்னொரு சொட்டு விட வேண்டும். இந்த இரண்டாவது சொட்டு எதற்கு என்பது டோலமைட் என்ற கனிமத்தைப் பற்றிப் பேசும்போது விளங்கும். கத்தியால் சுரண்டுவதிலேயே ஒரு துப்பு கிடைக்கிறது. 1 முதல் 10 வரை செல்லும் மோஸ் கடினத்தன்மை அளவில் கால்சைட் 3, குவார்ட்ஸ் 7. கால்சைட்டில் கத்தி கோடு போடும். குவார்ட்ஸிலோ கத்தியின் இரும்புதான் தேய்ந்து கறையாக ஒட்டும்.

வாயு அதிகம், பொங்கல் குறைவு: டோலமைட்

1791-இல் தெயோதா தெ தொலொமியு என்ற பிரெஞ்சு நிலவியலாளர், ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் கண்ட ஒரு கல்லைப் பற்றி எழுதினார். பார்வைக்குச் சுண்ணாம்புக்கல், ஆனால் அமிலம் விட்டால் மிக மெதுவாகவே நுரைத்தது. அடுத்த ஆண்டே அக்கல்லுக்கு அவர் பெயரால் டோலமைட் என்று பெயரிட்டார்கள். அமிலச் சோதனையில் எதிர்பார்த்தபடி பொங்காத ஒரு கல்லைக் கண்டு ஒருவர் வியந்ததால் அறிவியலுக்கு ஒரு கனிமம் கிடைத்தது.

டோலமைட்டில் கால்சியமும் மக்னீசியமும் கார்பனேட்டோடு அடுக்கடுக்காக மாறி மாறி அமைந்திருக்கின்றன. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் கால்சைட்டில் 44 விழுக்காடு கரியமில வாயு உண்டென்றால், டோலமைட்டில் ஏறத்தாழ 48 விழுக்காடும், சேலத்தில் கிடைக்கும், மக்னீசியம் கார்பனேட்டால் ஆன மேக்னசைட்டில் ஏறத்தாழ 52 விழுக்காடும் உண்டு. ஆனால் குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் பொங்கும் வேகமோ இதற்கு நேர்மாறானது: கால்சைட் உடனே சீறும், டோலமைட்டின் முழுக்கல்லில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி தோன்றும், சில வேளைகளில் தோன்றவே தோன்றாது, மேக்னசைட் ஏறக்குறைய அசையாமல் இருக்கும்.

எவ்வளவு வாயு இருக்கிறது என்பதும் எவ்வளவு விரைவாக வெளிவருகிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதையே இது காட்டுகிறது. மக்னீசியம் அயனி கால்சியம் அயனியைவிடச் சிறியது. தன்னைச் சூழ்ந்த ஆக்சிஜன்களை இறுகப் பற்றிக்கொள்ளும். கல்லின் மேற்பரப்பிலிருந்து அது பிரிந்து கரைசலுக்குள் போவதற்குக் கால்சியத்தைவிட நெடுநேரம் ஆகிறது. இந்தத் தாமதத்தை வெல்ல இரண்டு வழிகள் உண்டு. அமிலத்தைச் சூடாக்கலாம், ஆய்வகத்தில் அப்படிச் செய்வார்கள். அல்லது கல்லைப் பொடியாக்கி, அமிலம் தொடும் பரப்பைப் பன்மடங்கு பெருக்கலாம். முழுக்கல்லில் அடங்கியிருந்து, சுரண்டிய பொடியில் மட்டும் மெல்ல நுரைத்தால் அது டோலமைட்டாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. மேலே சொன்ன இரண்டாவது சொட்டின் பயன் இதுதான்.

சிமெண்ட் ஆலைக்கு இது வெறும் ஆர்வச் செய்தியன்று. சிமெண்டில் மக்னீசியா, அதாவது மக்னீசியம் ஆக்சைடு, அளவுக்கு மிஞ்சினால், கட்டடம் எழும்பிய பிறகு அது மெதுவாக நீரை உறிஞ்சிப் பருத்து வெடிப்பை உண்டாக்கும். அதனால்தான் தரக்கட்டுப்பாட்டில் அதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். முறையான பகுப்பாய்வு ஆய்வகத்தில்தான் நடக்கும் என்றாலும், எந்தப் பட்டை உடனே சீறுகிறது, எது தயங்குகிறது என்பதைச் சுரங்கத்திலேயே ஒரு சொட்டில் ஓரளவு கணித்துவிடலாம்.

எல்லைப்புறத்துக் கற்களில் சில

வாளையார், மதுக்கரைப் பக்கத்துப் படிகச் சுண்ணாம்புக்கல்லை ஒட்டி, பச்சையும் சாம்பலும் கலந்த வரிகளோடு வேறொரு பாறையும் கிடைக்கும். இதிலும் கால்சியம் நிறைய உண்டு; ஆனால் அமிலத்துக்கு இது எளிதில் மசியாது. பூமிக்கடியில் வெந்தபோது சுண்ணாம்புக்கல்லோடு கலந்திருந்த மணலும் களிமண்ணும் கால்சியத்தோடு சேர்ந்து, டயாப்சைடு முதலிய, சிலிக்கனும் ஆக்சிஜனும் அடங்கிய சிலிக்கேட் கனிமங்களாக மாறிவிட்டன. கரியமில வாயு அப்போதே, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே, வெளியேறிவிட்டது. காளவாயில் நடந்ததுபோன்ற ஒன்று இங்கே இயற்கையாக நடந்திருக்கிறது. இத்தகைய கல்லில் சொட்டு விட்டால், மிச்சமிருக்கும் கால்சைட் மணிகள் உள்ள வரிகளில் மட்டும் கோடு கோடாக நுரை எழும். ஒரே கல்லில் பொங்கும் வரியும் பொங்காத வரியும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்ப்பது பாறைக்கும் கனிமத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்க நல்ல வழி.

வாளையாரைத் தாண்டி மேற்கே போகப் போகச் செம்புறாங்கல் வந்துவிடுகிறது. மலையாளத்தில் வெட்டுக்கல் என்பார்கள். ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் 1807-இல் வெளியிட்ட தம் பயண நூலில் இக்கல்லை விவரித்து ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டது கேரளத்து அங்காடிப்புறத்தில் கண்டதை வைத்துத்தான். பெருமழையில் சுண்ணமும் சோடியமும் பொட்டாசியமும் அடித்துச் செல்லப்பட்டு, இரும்பும் அலுமினியமும் மட்டும் ஆக்சைடுகளாகத் தங்கிப்போன கல் இது. கார்பனேட் இருக்க வழியில்லை. ஆனாலும் காய்ந்த செம்புறாங்கல்லில் அமிலச் சொட்டு விட்டால் சில குமிழிகள் எழும்! புதிதாகப் பார்ப்பவர் இங்கே தடுமாறுவது இயல்பு. அது கரியமில வாயு அன்று. கல்லின் துளைகளுக்குள் திரவம் புகும்போது அங்கிருந்த காற்று வெளியேறுகிறது, அவ்வளவே. பக்கத்தில் வெறும் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், அதே குமிழி வரும். துளையுள்ள எந்தக் கல்லுக்கும் தண்ணீர்ச் சோதனையை முதலில் செய்துவிடுவது நல்லது.

பொங்காமல் வேறு விதமாக வினைபுரியும் கனிமங்களும் உண்டு. காங்கயத்துக்கு அருகிலுள்ள சிவன்மலைப் பாறையில் நெஃபிலின் என்ற கனிமம் இருக்கிறது. அதன் பொடியை அமிலத்தில் இட்டால் நுரை வராது, ஆனால் சற்று நேரத்தில் கூழ்போலத் திரண்டுவிடும். மாலக்கைட் என்ற பச்சைச் செம்புக் கனிமம் நுரைப்பதோடு கரைசலையும் பச்சையாக்கும். ஈயத் தாதுவான கலீனா போன்ற சில சல்பைடுகள் அழுகிய முட்டை நாற்றத்தைக் கிளப்பும். அது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு, முகர்ந்து பார்த்துப் பழக வேண்டிய வாசனை அன்று. கருப்பாக, தொட்டால் கையில் கரிபோல ஒட்டும் மாங்கனீசு ஆக்சைடு கனிமங்களில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடவே கூடாது. குளோரின் வாயு வெளிவரும்.

மெதுவாக நடக்கும் அதே வினை

மழைநீர் காற்றில் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டுதான் தரைக்கு வருகிறது. அதனால் அது இயல்பாகவே சிறிது அமிலத்தன்மை உடையது. மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் வாயுவையும் சேர்த்துக்கொள்கிறது. இந்த மெல்லிய அமிலம் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஊடுருவியதால் குடையப்பட்டவையே ஆந்திரத்தில் நந்தியால் மாவட்டத்தின் பேலம் குகைகளும், விசாகப்பட்டினத்துக்கு அப்பால் அனந்தகிரி மலையிலுள்ள போரா குகைகளும். பேலம் குகை வழிகளின் நீளம் மட்டும் மூன்று கிலோமீட்டருக்கும் மேல். இங்கே நுரையும் சீறலும் இல்லை. கரைந்த சுண்ணம் பைகார்பனேட்டாகத் தண்ணீரோடு போய்விடுகிறது.

அந்தத் தண்ணீர் ஆவியானாலோ, சூடானாலோ, கரியமில வாயுவை இழந்தாலோ வினை பின்னோக்கித் திரும்பிச் சுண்ணம் மீண்டும் கல்லாகப் படியும். குகைக்கூரையில் தொங்கும் கல்விழுதுகள் அப்படி வந்தவை. வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாக ஒட்டும் செதிலில் பெரும்பகுதியும் அதுவே. வினிகர் ஊற்றி வைத்தால் நுரைத்துக் கழன்றுவிடும்.

பேலம் பகுதியைப் போன்ற கருஞ்சுண்ணாம்புப் பாறையிலிருந்து வெட்டி வருவதுதான் நம் வீடுகளில் சமையல் மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் போடும் கடப்பா கல். அது கருப்பாக இருப்பதால் கருங்கல்லின் உறவு என்று பலர் நினைக்கிறார்கள். அதன் மேல் பிழிந்த எலுமிச்சையோ சிந்திய புளிக்கரைசலோ கிடந்தால் மெருகு போய் வெளிறிய தடம் விழுவது அது சுண்ணாம்புக்கல் என்பதால்தான். மெருகேற்றிய கருங்கல் மேடைக்கு அந்தத் தொல்லை இல்லை. மொசைக் தரையில் பதித்திருப்பவை பெரும்பாலும் பளிங்குச் சில்லுகள், அவற்றைப் பிடித்திருப்பது சிமெண்ட். இரண்டையும் அமிலம் தின்னும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை மொசைக் தரையில் ஊற்றித் தேய்ப்பவர் அழுக்கோடு தரையையும் சேர்த்தே கழுவி ஊற்றுகிறார்.

மண்ணில் ஒரு சொட்டு

கேரளம் என்றாலே செம்மண்ணும் புளிப்பு மண்ணும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் (ஆந்திரத்துச் சித்தூர் வேறு) கரிசல் மண் இருக்கிறது. கேரளத்தில் கரிசல் காணப்படும் பகுதி இதுதான். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் மழை குறைவு. கரைந்த சுண்ணத்தை அடித்துச் செல்லும் அளவுக்குத் தண்ணீர் இறங்குவதில்லை. மண்ணுக்குள் இறங்கிய ஈரம் மீண்டும் ஆவியாகும்போது சுண்ணம் அங்கேயே திரண்டு, முடிச்சு முடிச்சாகச் சுக்கான் கல்லாகிவிடுகிறது. அந்தக் கல்லில் மட்டுமல்லாமல், வெறும் மண்கட்டியிலும் அமிலச் சொட்டு நுரைப்பதை அங்கே காணலாம். சுண்ணம் மிகக் குறைவாக இருந்தால் கண்ணுக்கு நுரை தெரியாது. சற்று அருகிருந்து கவனித்தால் மெல்லிய பொரியும் ஓசை மட்டும் கேட்கும். மண்ணியலாளர்கள் அதையும் ஒரு படிநிலையாகக் குறித்துக்கொள்கிறார்கள்.

உழவருக்கு இதன் பயன் நேரடியானது. சுண்ணம் மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்கு எட்டாத வடிவில் முடங்கிவிடுகிறது. நிலக்கடலையின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாவது அதனால்தான். அந்த மண்ணில் மேலும் சுண்ணாம்பைக் கொட்டுவது நோயை வளர்ப்பதாகும். சற்று மேற்கே, சொட்டு விட்டால் சிறிதும் அசையாத புளிப்பு மண்ணுக்கோ சுண்ணாம்போ டோலமைட்டோ தேவைப்படும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு விதமான மருத்துவம். எவ்வளவு இட வேண்டும் என்பதை மண் பரிசோதனை நிலையம் சொல்லட்டும். எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை ஒரு சொட்டு சொல்லிவிடும்.

உரக்கடையிலிருந்து வந்து, மேலே எழுதியிருந்தது அழிந்துபோன மூட்டைகள் வீட்டுக் கொட்டகையில் கிடந்தாலும் இதே சோதனை கைகொடுக்கும். ஜிப்சம், நீற்றிய சுண்ணாம்பு, சுண்ணாம்புக்கல் தூள், டோலமைட் தூள் நான்கும் வெண்பொடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துத் தனித்தனிக் கண்ணாடிக் குவளையில் இட்டு வினிகர் ஊற்றினால், ஜிப்சம் அப்படியே கிடக்கும். நீற்றிய சுண்ணாம்பு நுரை அதிகமின்றி இளஞ்சூடாகும், மூட்டை பழையதாகிக் காற்றிலிருந்து வாயுவை வாங்கியிருந்தால் கொஞ்சம் நுரைக்கவும் செய்யும். சுண்ணாம்புக்கல் தூள் உடனே பொங்கும். டோலமைட் தூள் தயங்கித் தயங்கிக் குமிழிவிட்டு, முன்னது அடங்கிய பிறகும் நெடுநேரம் குமிழிவிட்டுக்கொண்டிருக்கும்.